பரணிலிருந்து இறக்கிய மிஷின்

கோடாலி வைக்கக் கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டார்.

கிணற்றடிப் பலா வேர்மண்ணோடு பெயர்ந்து, மாட்டுக்கொட்டகையின் கூரையை நடுவில் முறித்துக்கொண்டு, வாசல்வரை நீண்டு கிடந்தது. பசுவையும் கன்றையும் முந்தின நாள் சாயங்காலமே அவிழ்த்துவந்து திண்ணைத் தூணில் கட்டியதால் அவை பிழைத்தன. வெட்ட வந்த இரண்டு பேரும் கோடாலியைத் தோளில் வைத்தபடி தாத்தாவின் முகத்தையே பார்த்து நின்றார்கள். அவர் மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அடிமரத்தில் அப்போதுதான் பலாமூசு பிடித்திருந்தது. விரல் நீளம்கூட இல்லாத மூசுகள், விழுந்தது தெரியாமல் பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தன.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய காலை. எனக்கு 11 வயது. அரைப் பரீட்சை லீவுக்கு அம்மாவோடு தாத்தா வீட்டுக்கு வந்திருந்தேன். பண்ருட்டிக்குத் தெற்கே, காடாம்புலியூர்ப் பக்கம், செம்மண் பூமி. எந்தத் திசையில் நடந்தாலும் முந்திரித் தோப்பும் நடுநடுவே பலாவும்தான். மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகக் காற்று என்று பின்னால் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம். விடியவிடிய வீட்டைச் சுற்றி யாரோ நெல் மூட்டைகளை மேலேயிருந்து போட்டபடி ஓடுவதுபோல் தொம் தொம்மென்று கேட்டது. விடிந்த பிறகுதான், அவ்வளவும் மரங்கள் என்று தெரிந்தது. வாசலில் நின்றால் அதுவரை தோப்பு மறைத்திருந்த பக்கத்து ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்தது. பாட்டி அதைப் பார்த்துக் கும்பிடவில்லை. உட்கார்ந்து அழுதாள்.

தாத்தா கோடாலியைத் தடுத்ததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பலாவை நட்டது அவருடைய அப்பா. எங்கள் பக்கத்துப் பலாமரம் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம். நன்றாக முற்றிய வைரம் பாய்ந்த அடிமரம் என்றால் மிருதங்கக் கட்டைக்குத் தேடி வந்து வாங்குவார்கள். கோடாலி போட்டால் வெட்டுவாயில் பாதி மரம் செதிலாகப் போகும், அடி விழுகிற அதிர்ச்சியில் உள்ளே வெடிப்பு ஓடும். “எங்கப்பன் நட்டதை வெறகாப் போட மாட்டேன்” என்றார். அறுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வாரம் மாவட்டம் முழுக்க அறுவை மிஷினுக்கு அடித்துக்கொண்டார்கள். ரோட்டில் கிடந்த மரங்களுக்கே ஆள் போதவில்லை. தோப்பு வீட்டுக்கு எப்போது வருவார்கள் என்று யாரிடமும் கேட்க முடியவில்லை.

அப்போதுதான் அம்மா சொன்னாள், “தம்பியோட மிஷின் பரண்மேலதானே கெடக்குது?”

என் மாமா குவைத்துக்குப் போவதற்கு முன்னால் மர வியாபாரிகளிடம் அறுவைக்குப் போய்க்கொண்டிருந்தார். பழைய மிஷின் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கினார். 2005இல் விசா வந்ததும், கடைசியாக அறுத்த தோப்பிலிருந்து வந்த மிஷினை அப்படியே கோணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். ஆறு வருடம். நெல் குதிருக்கும் கல்யாணப் பாத்திரங்களுக்கும் நடுவே அது கிடந்தது. நான் பரணில் ஏறும்போதெல்லாம் அந்தக் கோணியைத் தொடாமல் சுற்றிப் போவேன். பல் உள்ள சாமான் என்று பாட்டி பயமுறுத்தி வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் அப்பா வந்தார். பண்ருட்டியில் மொபெட் ரிப்பேர் கடை வைத்திருந்தார் அவர். டிவிஎஸ் 50 வண்டியைத் தள்ளியும் தூக்கியும், விழுந்த மரங்களுக்கு மேலே ஏற்றியும் இறக்கியும், ஒரு மணி நேரத்தில் வருகிற தூரத்தை அரைநாளில் வந்திருந்தார். கைகளில் முந்திரிச் சிராய்ப்பு. தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் பேச்சு எப்போதும் குறைவு. “வாங்க மாப்ள”, “சாப்டீங்களா மாமா”, அதோடு முடியும். நிலம் வைத்திருப்பவர் பார்வையில் கிரீஸ் கைக்கு என்ன மதிப்பு என்பதை வீட்டில் யாரும் பேசியதில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும். அன்று தாத்தாவே கோணியைப் பிரித்து அப்பா முன்னால் வைத்தார்.

ஆரஞ்சும் வெள்ளையுமாக இருந்த உடம்பு முழுக்க எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து உறைந்து தார் மாதிரி பிடித்திருந்தது. செயின் துரு ஏறிப் பட்டையோடு ஒட்டிக் கிடந்தது. தாத்தா கயிற்றுக் கைப்பிடியைப் பிடித்தார். “ஒருதடவ இழுத்துப் பாத்துடலாமே மாப்ள.”

“இழுக்கக் கூடாது மாமா” என்றார் அப்பா. அவ்வளவு சட்டென்று அவர் தாத்தாவிடம் பேசி நான் கேட்டதில்லை. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “உள்ள ரிங்கு காஞ்சி ஒட்டியிருக்கும். அப்படியே இழுத்தா போர்ல கோடு விழுந்துடும்” என்றார்.

அவர் செய்த முதல் வேலை பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தது. என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார். பெட்ரோல் வாசனையே இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவின் நெடி. சாய்த்து ஊற்றியபோது கருப்பட்டிப் பாகு நிறத்தில் இரண்டு ஸ்பூன் அளவு இழுத்துக்கொண்டு வந்தது. மாமா டேங்கைக் காலி செய்யாமல் வைத்துவிட்டிருந்தார். பெட்ரோலில் லேசான பங்கு முதலில் ஆவியாகிப் போய்விடும், மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகும், அந்தப் பிசின் தலைமுடி கனமுள்ள துவாரங்களை எல்லாம் அடைக்கும் என்று அப்பா சொல்லிக்கொண்டே வேலை செய்தார். கடையில் அவர் அவ்வளவு பேசுவதில்லை. கரண்டும் இல்லை, வேறு வாடிக்கையாளரும் இல்லை, உதவிக்கு நான் மட்டும்தான்.

பிளக்கைக் கழற்றினார். அந்தத் துவாரத்தின் வழியாக டுடி ஆயில் ஏழெட்டுச் சொட்டு விட்டு, மிஷினைக் குழந்தையை ஆட்டுவதுபோல் இப்படியும் அப்படியும் சாய்த்து, இரவு முழுக்க அப்படியே வைத்தார். செயினைக் கழற்றி மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறப் போட்டார். ரேஷன் மண்ணெண்ணெய், விளக்குக்கே பற்றாத நாள். பாட்டி ஒன்றும் சொல்லாமல் கொடுத்தாள். காலையில் கயிற்றை மெதுவாக, மிக மெதுவாக இழுத்தபோது உள்ளே பிஸ்டன் நகர்ந்தது. பிளக் துவாரத்தின் மேல் என் கட்டைவிரலை வைத்து அடைக்கச் சொன்னார். இன்னொருமுறை இழுத்தார். காற்று என் விரலை புஸ்ஸென்று தள்ளியது. “கம்ப்ரஷன் இருக்கு” என்றார். அந்த மூன்று நாளில் யாராவது நல்ல செய்தி சொன்னது அதுதான் முதல்.

பெட்ரோல் குழாய் தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது. அதன் நுனியில் டேங்குக்குள் தொங்கும் ஃபில்டரை எடுக்க அப்பாவின் விரல் நுழையவில்லை. என் இரண்டு விரல் நுழைந்தது. ஊறிப்போன பஞ்சுத் திரி மாதிரி ஒன்றைக் கவ்வி வெளியே எடுத்தேன். குழாய்க்கு அவர் மொபெட்டின் பெட்ரோல் டியூபில் ஒரு துண்டை வெட்டி, டேங்க் துவாரத்தில் கசியாதபடி நுனியைச் சாய்வாகச் சீவி, இழுத்துப் பொருத்தினார். அது லேசில் நடந்துவிட்டது.

கார்பரேட்டர் அப்படி இல்லை. மொபெட் கார்பரேட்டரை அவர் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். கீழே ஒரு கிண்ணம், அதில் மிதவை, மிதவை உயர்ந்தால் ஊசி பெட்ரோலை அடைக்கும். இந்தச் சின்ன உலோகக் கட்டியைப் பிரித்தபோது கிண்ணமும் இல்லை, மிதவையும் இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒருபக்க மூடிக்குக் கீழே நடுவில் பொட்டு வைத்த ஒரு தோல், மறுபக்கம் இன்னொரு தோல். அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தெரியாத ஒன்றை அவர் கையில் வைத்திருந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. தாத்தா எதிரில் உட்கார்ந்திருந்தார். அவரும் எழுந்து போகவில்லை.

“இந்த மிஷின எப்படிப் புடிப்பான் மாமா உங்க பையன்?” என்று அப்பா கேட்டார்.

தாத்தா கையை நீட்டி, படுக்கவைத்து, பக்கவாட்டில், தலைகீழாக என்று நடித்துக் காட்டினார். நின்ற மரம் என்றால் படுக்கை அறுப்பு, மேல் கிளை என்றால் மிஷினைக் கவிழ்த்து.

அப்பா முகம் மாறியது. தலைகீழாகப் பிடித்தால் மிதவை எப்படி மிதக்கும்? அதனால்தான் மிதவை இல்லை. எஞ்சின் அடிவயிற்றில் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது உண்டாகும் காற்றுத் துடிப்பு ஒரு சின்னத் துவாரம் வழியாக வந்து ஒரு தோலை அசைக்கிறது; அது பெட்ரோலை உறிஞ்சி அனுப்புகிறது; மறுபக்கத் தோல் வேண்டிய அளவுக்கு மட்டும் ஊசியைத் திறந்துவிடுகிறது. “தவளைக்குத் தொண்ட அடிச்சிக்குமே, அது மாதிரி” என்று என் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அந்த இரண்டு தோலும் பழைய போட்டோ ஃபிலிம் மாதிரி விறைத்திருந்தன. விறைத்தது துடிக்காது.

தோலுக்காக நானும் அவரும் மறுநாள் காலை கிளம்பினோம். காடாம்புலியூர் பக்கம் ஒரு மர அறுவைப் பட்டறையில் ஓடாத மிஷின் ஒன்று கிடப்பதாகத் தாத்தா சொல்லி அனுப்பினார். வழியில் நான் பார்த்ததை இன்றும் முழுதாகச் சொல்ல வரவில்லை. முந்திரி மரத்துக்கு உயரம் கிடையாது, படர்ந்த மரம், காற்றுக்குத் தாங்கும் என்றுதான் நினைத்திருந்தோம். அத்தனையும் ஒரே திசையில் தலைசாய்ந்து, வேர்த்தட்டை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு தோப்பில் ஒரு அம்மா விழுந்த மரத்தின் கிளைமேல் உட்கார்ந்து, வீட்டில் உட்காருவதுபோல் காலை நீட்டி, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். மார்ச்சில் காய்க்க வேண்டிய மரம். முந்திரி புதிதாக நட்டால் பலன் கைக்கு வர மூன்று நான்கு வருடம். பலா அதைவிட அதிகம். அப்பா எதுவும் பேசாமல் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பட்டறைக்காரர் காசு வாங்கவில்லை. அந்த மிஷினின் இரண்டு தோலும் மெத்தென்று இருந்தன. அப்பா அவற்றை என் நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துவந்தார்.

கார்பரேட்டர் துவாரங்களைச் சுத்தம் செய்ய ஊசி கேட்டேன். கூடாது என்றார். இரும்பு போனால் துவாரம் பெரிதாகும், அளவு கெட்டால் அந்தக் கார்பரேட்டர் முடிந்தது. பெட்ரோலில் ஊற வைத்து, பழைய ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு நூலால் மெதுவாகத் துழாவி, சைக்கிள் பம்பால் ஊதினார். பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து, ஆக்ஸா பிளேடு நுழையும் அளவுக்கு இடைவெளி வைத்தார். அந்தி மங்கிய பிறகு பிளக்கை சிலிண்டர்மேல் சாத்திக் கயிற்றை இழுத்தபோது நுனியில் நீலமாக ஒரு பொறி தெறித்தது. ஊரே இருட்டாகக் கிடந்த அந்த நாளில் எங்கள் திண்ணையில் அந்த ஒரு பொறி. தாத்தா “இன்னொருவாட்டி” என்றார். அப்பா இழுத்துக் காட்டினார்.

ஆறாம் நாள் காலை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டுடி ஆயில். மருந்துக் குப்பியின் 10 மில்லி மூடியால் நான்தான் நாலு முறை அளந்தேன். மொபெட்டுக்கு அவர் ஊற்றுவதைப்போல இரண்டு மடங்கு. பழைய மிஷின், வேலையும் கடினம், எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகவே போகட்டும் என்றார். சோக்கை முழுக்க இழுத்து, மிஷினைத் தரையில் வைத்து, காலால் பின்பிடியை மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். நாலாவது இழுப்பில் டப்பென்று ஒரு சத்தம். சோக்கைப் பாதியாக்கி மறுபடி இழுத்தார். இரண்டு நொடி ஓடி, மூச்சு முட்டியதுபோல் நின்றது. மறுபடி. மறுபடி நின்றது. திருகுகளைத் திருப்பினார், பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். ஈரமாகவே இருந்தது. பெட்ரோல் வருகிறது, பொறி இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது. இருபது தடவைக்கு மேல் இழுத்திருப்பார். தோள் இறங்கிவிட்டது. தாத்தா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் ஆண்கள் தாங்களே சொம்பு எடுத்துவருவதை அன்றுதான் பார்த்தேன்.

கடையில் எனக்கு ஒரு வேலை உண்டு. அப்பா கிக்கரை உதைக்கும்போது சைலன்சர் வாயில் உள்ளங்கையைக் காட்டி, புகை தள்ளுகிறதா என்று சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில் அவர் இழுக்கும்போது எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன். ஒன்றுமே படவில்லை.

“அப்பா, காத்தே வரல.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சைலன்சரின் இரண்டு நட்டைக் கழற்றினார். உள்ளே சிவப்பாக, எங்கள் செம்மண்ணையே குழைத்துப் பூசியதுபோல் அடைத்திருந்தது. குளவிக்கூடு. சாவித் துவாரம், ஜன்னல் சந்து, எதையும் விடாத குளவி ஆறு வருடத்தில் அந்த வாயை விட்டிருக்குமா? திருப்புளியால் குத்தியதும் அறை அறையாக உடைந்தது. ஒவ்வோர் அறையிலும் குஞ்சுக்கு இரையாகக் கொண்டுவந்து வைத்த சிலந்திகள் காய்ந்து சுருண்டு கிடந்தன. குஞ்சு பொரிந்து பறந்துபோன அறைகள் காலியாக இருந்தன. அந்த மண்ணை நான் வெகுநாள் ஒரு தீப்பெட்டியில் வைத்திருந்தேன்.

அடுத்த இழுப்பில் மிஷின் எழுந்தது. வெள்ளைப் புகை, அதன்பின் நீலப் புகை, அதன்பின் காது கிழியும் சத்தம். கன்று திண்ணைத் தூணைச் சுற்றி ஓடியது. அப்பா பட்டையின் நுனியைப் பலா இலை ஒன்றுக்கு நேரே பிடித்து முறுக்கினார். இலையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழுந்தது. செயினுக்கும் எண்ணெய் போகிறது என்று அர்த்தம்.

செயினைத் தீட்டியது தாத்தா. உருண்டை அரத்தை எடுத்து, இடப்பக்கத்துப் பல் எல்லாவற்றையும் முதலில், வலப்பக்கம் பிறகு, ஒவ்வொரு பல்லுக்கும் எண்ணி மூன்று இழுப்பு. ஒருபக்கம் கூடினால் அறுப்பு வளைந்துகொண்டு போகும். இளவயதில் இருவர் இழுக்கும் ரம்பத்தில் இழுத்த கை அது. தீட்டும்போது, விழுந்த முந்திரி ஒன்றின் அடிப்பட்டையில் கண்டெடுத்த புழுவைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். கட்டைவிரல் தடிமன், வெண்ணெய் நிறம், தலையில் கறுத்த தாடை. முந்திரியின் வேரையும் தண்டையும் குடைகிற வண்டின் புழு. காற்றுக்கு முன்பே இது பாதி மரத்தைச் சாய்த்துவிட்டது என்றார். கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்தது, 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டும் தொழிலாளி, மரக்கட்டையைக் குடைந்த இதே மாதிரி ஒரு வண்டுப்புழு தாடையை இடவலமாக ஆட்டி அறுப்பதைப் பார்த்துத்தான் இன்றைய செயினின் வளைந்த பல்லை வடிவமைத்தார் என்று. அதைப் படித்த அன்று தாத்தாவின் உள்ளங்கையில் நெளிந்த அந்தப் புழுதான் கண்முன் நின்றது. எங்கள் தோப்பைத் தின்ற தாடையும், விழுந்த தோப்பை அறுத்த பல்லும் ஒன்று. சொல்ல அவர் இல்லை.

அறுப்பு இரண்டு நாள் நடந்தது. மிஷின் அப்பா கையில். எங்கே அறுக்க வேண்டும் என்பது தாத்தா வாயில். விழுந்த மரம் நின்ற மரத்தைவிட ஆபத்து. எந்தக் கிளை வில்லாக வளைந்து நிற்கிறது என்று பார்க்காமல் பட்டையை வைத்தால் மரம் கவ்விப் பிடிக்கும், இல்லை அடிக்கும். வெட்டுவாய் மூடாமலிருக்க ஆப்பு வைத்துக்கொண்டே போனார்கள். எங்களையெல்லாம் வேர்த்தட்டின் பக்கமே விடவில்லை. பெயர்ந்த குழி குளம் மாதிரி இருந்தது, குழந்தைகள் இறங்கி விளையாடத் தோன்றும் இடம்.

ஏன் என்று கடைசியில் தெரிந்தது. அடியிலிருந்து மூன்றடி விட்டு முழு மரத்தையும் துண்டித்த கணத்தில், பாரம் விட்ட வேர்த்தட்டு முனகிக்கொண்டு மெதுவாக நகர்ந்து, சட்டென்று தன் குழிக்குள் தானே போய் உட்கார்ந்தது. தரை அதிர்ந்தது. அடிக்கட்டை, அது நட்டு நின்ற அதே இடத்தில் நேராக நின்றது. பாட்டி இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா மிஷினை நிறுத்தினார். புது வெட்டின் மஞ்சள் நிறத்தில் வெயில் பட்டது. பலாப்பால் விளிம்பில் வெள்ளையாகச் சுரந்துகொண்டிருந்தது. வாசல் முழுக்க மஞ்சள் மரத்தூள், மஞ்சள் இடித்த நாளைப்போல.

தாத்தா கரிக்கட்டியால் இரண்டரை அடிக்கு ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டில் அப்பா அறுத்தார். வெட்டு முகங்கள் வேகமாகக் காய்ந்து வெடித்துவிடும் என்று நானும் அம்மாவும் சாணி பூசி மெழுகினோம். பொங்கலுக்குப் பிறகு ஆட்கள் வந்து கட்டைகளைத் தட்டித்தட்டிக் கேட்டு ஏழு துண்டு எடுத்துப் போனார்கள். அவை எந்த ஊரில் யார் மடியில் இருக்கின்றனவோ. கச்சேரி கேட்கப் போனால் பாட்டைவிட மிருதங்கத்தின் மேல்தான் என் கண் போகிறது.

செல்போன் எடுக்க ஆரம்பித்ததும் மாமா குவைத்திலிருந்து கூப்பிட்டார். மரத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, “பெட்ரோல எறக்காம வெச்சிட்டுப் போயிட்டேன் மச்சான்” என்றார். அப்பா, “அதெல்லாம் பாத்துக்கிட்டோம்” என்று மட்டும் சொன்னார்.

மிஷினைப் பரணில் ஏற்றுவதற்கு முன் அப்பா டேங்கைச் சாய்த்துக் காலி செய்தார். பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்து வாசலில் வைத்தார். அது ஓடிக்கொண்டே இருந்தது. சத்தம் ஏறி, தடுமாறி, தானாகவே நின்றது. தாத்தா பதறி எழுந்தார்.

“இருக்கட்டும் மாமா. கார்பரேட்டர்ல இருக்கறதும் தீரணும். அப்பதான் அடுத்த தடவ ஒட்டாது.”

தாத்தா உட்கார்ந்தார். திண்ணையில் இல்லை, கீழே, அப்பா பக்கத்தில், மரத்தூள் மேல். பிளக்கைக் கழற்றி ஆயில் சொட்டு விடும்போது சொட்டுகளை அவரே எண்ணினார். நான் பழைய புடவையில் ஒரு துண்டைக் கிழித்து, சைலன்சர் வாயில் திணித்து, மறக்காமலிருக்க அதன் நுனியைச் சிவப்பு நூலால் கைப்பிடியோடு கட்டினேன்.